ஒரே தழும்போடு வந்த இருவர்

ஒரே ஆள் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை வந்து ஒரே கோப்பைக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "போன வாரந்தானே நகல் வாங்கிட்டுப் போனீங்க" என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன், மனுவிலிருந்து தலையைத் தூக்காமலே. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், "நான் இன்னைக்குத்தாங்க மொத தடவையா இந்த ஆபீசுக்கு வர்றேன்" என்றது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். போன வாரம் வந்தவள் பச்சை ஸ்வெட்டர். இவள் சிவப்புச் சால்வை. வேறு முகம், வேறு உயரம். மனுவில் மட்டும் அதே பெயர், அதே அப்பா, அதே அம்மா, சிலோனில் அதே தோட்டம், அதே லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. பவளம், தகப்பனார் பெயர் முத்தையா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களையெல்லாம் மாற்றித்தான் சொல்கிறேன். எந்த ஆண்டு என்றும் கேட்காதீர்கள். ஓய்வு பெற்றுவிட்டாள், இனி எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள் என்று நினைத்து பதிவறை ஊழியர்களின் இந்தப் பயிற்சிக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால், தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

உங்களுக்கு இன்றைக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது, மூன்றாம் நபர் விவரம் என்றால் யாரைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் ஒரு பழைய சுற்றறிக்கையும் சொந்த வயிற்றுக் கலக்கமும்தான் இருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், கலக்கம்தான் அதிகம் உதவியது.

எங்கள் பதிவறை குன்னூரில் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளம். ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்து ஏறிவந்த குடும்பங்களின் கோப்புகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். மழை மாதங்களில் சுவரே வியர்க்கும். கோப்புகள் பூசணம் பிடிக்காமல் இருக்க, பழைய கணப்படுப்பை மூட்டி, அதைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து உலர்த்துவோம். அதில் ஒரு சங்கடம். ஈரத்தில் குடும்பப் புகைப்படம் எதிர்ப்பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் எதிர்த்தாளோடு போய்விடும். படத்தில் உடம்பு இருக்கும், முகம் இருக்காது. எதிர்ப்பக்கத்தில் வரிகளுக்கு நடுவே இடம் வலம் மாறி ஒரு முகம் மட்டும் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்கள் அட்டெண்டர் அந்தோணி, மேட்டுப்பாளையத்துக்காரர், அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். "ஏனுங்க அந்தோணி, ஆருக்குத் தட்டறீங்க?" என்று ஒரு நாள் கேலியாகக் கேட்டேன். "உள்ள இருக்கறவங்களுக்குத்தானுங்க மேடம். நாம பாட்டுக்குத் திடுதிப்புனு போயி நின்னா நல்லாருக்குமுங்களா?" என்றார். நான் சிரித்தேன். அடுத்த மழைக்காலத்தில் நானும் தட்ட ஆரம்பித்திருந்தேன்.

சரி, சிவப்புச் சால்வைக்கு வருகிறேன். அவள் நகலைக்கூட வற்புறுத்தவில்லை. "எங்கம்மா எந்தத் தோட்டத்துல இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில எல கொட்டுற வேல பாக்குறேன். லீவு போட்டு வந்திருக்கேன்" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காரணம் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஆள் பிடிக்கிற தரகர்கள் மாமன், மச்சான் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். எந்தக் குடும்பத்தில் எத்தனை பெண்பிள்ளைகள், எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டு வாங்கிப் போவார்கள். பிறகு அந்தக் குடும்பம் எங்கே போனது என்று எங்களுக்கே தெரியாது. அதனால்தான் சம்பந்தப்பட்டவருக்குத் தவிர யாருக்கும் விலாசம் கிடையாது என்று ஒரு விதி. இவளையும் எவனோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்றே நினைத்தேன்.

"கூட வந்தது யாரு? வெளிய நிக்கறானா?" என்றேன்.

"யாருமில்லீங்க. தனியாத்தான் வந்தேன்."

"கையில என்ன பேப்பர் இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

கேள்விகள் கேட்டேன். அவர்கள் லயத்தில் எத்தனையாவது காம்பரா, அதாவது அறை, தம்பி எதனால் செத்தான், கோவிலுக்கு எந்த ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்று கோப்பிலிருந்ததையும் இல்லாததையும் கேட்டேன். தடுமாறாமல் சொன்னாள். சொல்லும்போது அவள் தாடையில் இருந்த மச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. கோப்பிலிருந்த புகைப்படம் உதவவில்லை. அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் முகம் இருந்தது. நடுவில் பாவாடை கட்டி நின்ற சிறுமியின் முகம் எதிர்த்தாளோடு போயிருந்தது. அங்கே அது யாராகவும் இருக்கலாம் என்கிற அளவுக்குக் கரைந்திருந்தது.

கடைசியாக இருப்பது அங்க அடையாளம். "இடது முன்கையில் தீக்காயத் தழும்பு" என்று எழுதியிருந்தது. அதை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. "உடம்புல அடையாளம் ஏதாச்சும் இருக்குதா?" என்று மட்டும் கேட்டேன். அவள் சால்வையை விலக்கி, இடது கையை நீட்டினாள்.

தழும்பு இருந்தது.

போன வாரம் பச்சை ஸ்வெட்டர் நீட்டிய கையிலும் இதே இடத்தில் இருந்தது. அப்பா காலமாகிவிட்டார், லயத்து வீடும் நிரந்தர வேலையும் தன் பெயருக்கு மாற வேண்டும் என்று சொல்லி, தோட்டத்து அடையாளச் சீட்டோடு வந்து முறையாக நகல் வாங்கிப் போனவள் அவள். அந்தோணி பின்னால் நின்றிருந்தவர் மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயம் வந்தால் மூடிவிடாதீர்கள், இன்னொரு தடவை பாருங்கள். நான் அந்தக் கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். தழும்பு கன்னாபின்னாவென்று, கஞ்சி கொட்டினது மாதிரி பரவியிருந்தது. குழந்தை அடுப்படியில் விழுந்தால் அப்படித்தான் ஆகும். போன வாரம் பார்த்தது வேறு. அது நேராக, இரண்டு ஓரமும் சமமாக, கோடு போட்ட மாதிரி இருந்தது. யாரும் அப்படி நேர்க்கோடாகத் தவறி விழுவதில்லை. அதை நான் போன வாரமே பார்த்தேன். ஆனால் 'தழும்பு இருக்கிறது' என்று குறித்துவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விட்டேன்.

என்ன செய்வது? இவள் உண்மை மகள் என்றால், தாயின் இருப்பிடத்தை மறைக்க நான் யார்? கொடுத்துவிட்டால் பச்சை ஸ்வெட்டர் ஆள்மாறாட்டக்காரி ஆகிவிடுவாள். வேலை போகும், வீடு போகும். அதோடு நிற்காது. அவளுக்கு இந்தத் தேசமும் இல்லை, அந்தத் தேசமும் இல்லை. எங்கள் அதிகாரியிடம் போகலாம். நல்ல மனிதர்தான். ஆனால் இதுமாதிரி ஒன்றைக் கேள்விப்பட்டால் போலீசுக்கு எழுதாமல் அவருக்குச் சோறு இறங்காது. எழுதிவிட்டால் யார் நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

"அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க" என்றேன்.

"இருக்காங்களா, இல்லியா? அதையாச்சும் சொல்லுங்களேன்" என்றாள்.

அவள் கேட்டது அம்மா உயிரோடு இருக்கிறாளா என்பதை. அதைச் சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை. "வாங்க, சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் படியேறிப் போன பிறகு எனக்கு அழுகையாக வந்தது. அந்தோணி டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கோப்பிலிருந்த விலாசத்தைத் தேடிக் கூடலூர் பஸ் பிடித்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, போகக்கூடாதென்றும் எந்த விதியும் இல்லை. தேவர்சோலையைத் தாண்டி இறங்கி, தேயிலைக்கு நடுவே நடந்தேன். மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. என் செருப்புச் சத்தந்தான் சரிவில் பட்டுத் திரும்பி வருகிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்பிக்கையில்லை.

பவளத்தின் அம்மா மாரியாயி லயத்து வாசலில் விறகுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். யார் கேட்டார்கள் என்பது வெளியே வரக்கூடாது. ஏன் கேட்டார்கள் என்பதும் வரக்கூடாது. "உங்க விலாசத்தை ஒருத்தர் ஆபீசுல கேக்கறாங்க. உங்க சம்மதம் இல்லாம நாங்க கொடுக்க மாட்டோம். கொடுக்கலாமா, வேண்டாமா?" அவ்வளவுதான் சொன்னேன்.

கிழவியின் கை விறகிலேயே நின்றுவிட்டது. யார் என்று அவள் கேட்கவில்லை.

"வந்துட்டாளா?" என்றாள்.

அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். சிலோனில் கப்பலுக்குப் பெயர் வந்துவிட்டது. தவறவிட்டால் போலீஸ் வந்து பிடிக்கும். அந்த நேரத்தில் மகளுக்கு விஷக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வார்டில் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் அப்பா போனபோது மகள் படுத்திருந்த கட்டிலில் துணி போர்த்திய ஒரு சின்ன உடம்பைக் காட்டினார்கள். ஒட்டுநோய், ஊட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, நாங்களே புதைத்துவிடுகிறோம் என்றார்கள்.

"அந்த மனுசன் துணிய வெலக்கிப் பாக்கலீங்க தொரசாணி. பாக்கத் தெம்பில்லாம அப்பிடியே திரும்பி வந்துட்டாரு. வந்ததுலேர்ந்து எனக்கு மட்டும் மனசு ஆறவே இல்ல. பாத்திருந்தா ஆறிருக்கும்."

பக்கத்துக் காம்பராவில் தாயும் தகப்பனும் செத்துப்போன ஒரு பெண்பிள்ளை. மகளோடு சேர்ந்து விளையாடினவள், அதே வயது. அவளுக்குப் பேப்பர் எதுவும் கிடையாது. எல்லாரும் போய்விட்டால் வெறும் லயத்தில் அவள் மட்டும் நிற்பாள். இவர்களிடம் ஒரு பெயர் ஆளில்லாமல் இருந்தது. கப்பல் ஏறுமிடத்தில் முகத்தை உற்றுப் பார்க்க மாட்டார்கள், அடையாளத்தைத்தான் பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். கப்பல் ஏறுவதற்குள் புண் ஆறிவிட வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரியே கரண்டிக் காம்பைக் காய்ச்சினார்கள்.

"சுட்டது அவரு. கைய அமுத்திப் புடிச்சது நானு. அந்தப் புள்ள அழவே இல்லீங்க. என்னயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அழுதிருந்தா அன்னியோட போயிருக்கும். அது அழாததுதான் இன்னும் என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு."

பின்னால் தேயிலைக் கூடை தரையில் வைக்கிற சத்தம். பச்சை ஸ்வெட்டர் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தவுடன் அவள் வலது கை தானாகப் போய் இடது முன்கையை மூடிக்கொண்டது.

"அவ உசுரோடதான் இருக்காளா?" என்று அம்மாவிடம் கேட்டாள். பிறகு என்னிடம், "அப்ப நான் எங்கங்க போறது?" என்றாள்.

"நான் ஒண்ணும் எழுதல. உங்க ரெண்டு பேரையும் கேக்கத்தான் வந்தேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் வேண்டாம்னாலும் விலாசம் என் வாயிலருந்து வராது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தாய் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அது சரியா, வேண்டாமா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. பச்சை ஸ்வெட்டர் முன்கையை மூடியபடியே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தோணி பதறிக்கொண்டு வந்தார். "மேடம், அந்தம்மிணி நாம தொறக்கறதுக்கு முந்தியே வந்து நிக்குதுங்க. பச்ச ஸ்வெட்டர் போட்டதுங்க."

கூடலூரிலிருந்து அந்த நேரத்துக்கு வர வேண்டுமென்றால் முந்தின நாளே புறப்பட்டிருக்க வேண்டும். பதிவறைக்குள் கூட்டிப்போய்க் கணப்படுப்புப் பக்கம் உட்கார வைத்தேன். சுற்றிலும் உலர்ந்துகொண்டிருந்த கோப்புகளில் முகங்கள். அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே, "இவங்கள்லாம் யாருங்க?" என்றாள். "உங்களாட்டம் வந்தவங்கதான்" என்றேன். அவள் அதற்குப் பிறகு நிமிரவில்லை.

சிவப்புச் சால்வை பதினோரு மணிவாக்கில் வந்தாள். அவளைத் தடுப்புக்கு வெளியிலேயே நிறுத்தினேன். உள்ளே ஒருத்தி இருப்பதைச் சொல்லவில்லை. முதலில் இவள் சம்மதம் வேண்டுமில்லையா. "நீங்க கேக்கற குடும்பத்துல ஒருத்தர் உங்களைப் பாக்க வந்திருக்காங்க. பாக்கறதுக்கு முந்தி, நீங்க யார் பேர்ல இந்த நாட்டுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியோணும்" என்றேன்.

அவள் தாடையிலிருந்த மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப லயம் வெறுமையா கெடந்துச்சு. வேற ஒரு குடும்பம் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அவங்க மக காளியம்மா செத்துப்போயிட்டா. அவ அட்டையில தாடையில மச்சம்னு எழுதியிருந்துச்சு. எனக்குப் பச்ச குத்துனாங்க. நானும் செத்தவ பேர்லதாங்க வந்தேன்."

என் மேசைக்குப் பின்னால் கூரை வரைக்கும் கோப்புகள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தழும்பு, மச்சம், வெட்டுக்காயம் என்று நானே எத்தனை அட்டைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதில் எத்தனை பேர் அவர்களாகவே வந்தார்கள்? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

அந்தோணி கதவை இரண்டு தட்டுத் தட்டித் திறந்தார். இவளை உள்ளே அழைத்துப் போனேன். பச்சை ஸ்வெட்டர் எழுந்து நின்றாள். ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றி, திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவள் மாதிரி இடது முன்கையை நீட்டினாள். அடுப்பு வெளிச்சத்தில் அந்தக் கோடு பளபளத்தது.

சிவப்புச் சால்வை அதைக் குனிந்து பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். அந்தக் கோடு எப்படி வந்ததென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாடையில் ஊசி குத்தப்பட்டவள் இல்லையா. உள்ளங்கையை அந்தத் தழும்பின் மேல் வைத்து மூடிக்கொண்டு, ஒரு பெயரைச் சொன்னாள். பவளம் என்றல்ல. லயத்து வாசலில் சேர்ந்து விளையாடின காலத்தில் அந்தப் பிள்ளைக்கு இருந்த பெயரை. கப்பல் ஏறியதிலிருந்து யாருமே சொல்லாத பெயரை.

"ஒனக்கு ரொம்ப வலிச்சிருக்குமே" என்றாள்.

அப்போது அழுதாள் பச்சை ஸ்வெட்டர். பெரிய மனுஷி அழுகிற அழுகை இல்லை அது. சின்னப் பிள்ளை சூடு பட்டவுடனே வீறிடுமே, அந்த அழுகை. மேல்தளத்திலிருந்து அதிகாரி என்னவென்று ஆள் அனுப்பினார். "ஒண்ணுமில்லீங்க, ஒறவுக்காரங்க பாத்துக்கிட்டாங்க" என்று அந்தோணி வாசலிலேயே மறித்து அனுப்பிவிட்டார்.

அழுது ஓய்ந்த பிறகு சிவப்புச் சால்வை என்னிடம், "பவளங்குற பேரு அவகிட்டயே இருக்கட்டுங்க. எனக்குக் காளியம்மா பழகிப்போச்சு. அம்மா மட்டும் போதும்" என்றாள். மத்தியானக் கூடலூர் பஸ்ஸில் இருவரும் சேர்ந்து போனார்கள். ஆக, நான் விலாசத்தைச் சொல்லவேயில்லை. பதிவேட்டிலும் 'மனுதாரர் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்' என்றுதான் இருக்கும். போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், கரையான் விட்டு வைத்திருந்தால்.

நான் செய்தது சரியா என்று சிலர் முகத்தில் எழுதியிருப்பது தெரிகிறது. விதிப்படி நான் மேலே தெரிவித்திருக்க வேண்டும். அதைப் பற்றி யாராவது என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேட்டு வருகிறவரின் உரிமை பெரிதுதான். ஆனால் தாளில் இருக்கிறவர் அங்கே நின்று தனக்காகப் பேச முடியாது. அவரிடம் போய்க் கேளுங்கள். போகிற வழியில் மஞ்சு இருந்தாலும் போய்க் கேளுங்கள்.

அந்தப் பெயர் என்னவென்று முன்வரிசைத் தம்பி வெகு நேரமாகக் கேட்கத் துடித்துக்கொண்டிருக்கிறார். எந்தக் கோப்பிலும் அது இல்லை, நானும் எங்கேயும் எழுதவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவளைக் கேட்காமல் சொல்வதற்கில்லை தம்பி. நான் அவளைக் கேட்கவில்லை.